தலைக்கு மேல் ஒரு ஜன்னல்

எங்கள் வீட்டுக்குள் முதன்முதலாகக் காலெடுத்து வைத்த அன்று அவர் செய்த முதல் காரியம், தரையில் படுத்துக்கொண்டதுதான். ஐம்பது வயதுப் பெண்மணி, ஹாலில், கார்பெட்டின் மேல், மல்லாக்க. கைப்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். பிறகு ஒருக்களித்து சோபாவுக்கு அடியில் பார்த்தார். நான் காபியோடு நின்றுகொண்டிருந்தேன். விருந்தாளி தரையில் படுத்துவிட்டால் காபியை எந்தப் பக்கமாக நீட்டுவது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

"எல்லாரும் வீட்ட நின்னுக்கிட்டே பாக்குறாங்க சார். புள்ளைங்க இங்கிட்டு இருந்துல்ல பாக்கும்" என்றார் படுத்தபடியே.

அவர் ஆர்க்கிடெக்ட். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷனிலிருந்து வெஸ்ட் வின்ட்சர் வரை, பேஸ்மென்டைச் சீர்செய்யவோ பின்பக்கம் ஓர் அறை இழுத்துக் கட்டவோ நினைக்கும் தமிழ்க் குடும்பங்கள் அவரைத்தான் கூப்பிடும். ஊரில் படித்து, இங்கே வந்து மறுபடியும் எல்லாப் பரீட்சைகளையும் எழுதி லைசென்ஸ் வாங்கியவர். வார நாட்களில் ஓர் அலுவலகத்தில் மருத்துவமனைக் கட்டடங்கள் வரைந்தார். சனி, ஞாயிறு எங்களுக்கு. பிள்ளைகளுக்கு அவர் ஆன்ட்டி, எங்களுக்கு மேடம். பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எப்படியோ அவர் கண்ணில் பட்டு, ஃபோன் பண்ணி, "சார், அத விட்டுட்டீங்களே" என்று எதையாவது எடுத்துக் கொடுப்பார். எனக்கு நினைவிருப்பதே போதும்.

"மொதல்ல ஆட்டம், அப்புறம்தான் கோடு" என்பது அவர் அடிக்கடி சொல்வது. ஒரு வீட்டுக்குப் படம் போடுவதற்கு முன்னால் அந்த வீட்டில் இருக்கிற அத்தனை பேரையும் விளையாட வைத்துவிடுவார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே. அவர் காரின் ட்ரங்க்கில் பழைய பெட்ஷீட்டுகள், துணி க்ளிப்புகள், சாக்பீஸ், புளியங்கொட்டை, சாட்டையோடு நாலைந்து பம்பரங்கள் எல்லாம் கிடக்கும். கணினித் துறையில் டைரக்டராக இருப்பவரை டைனிங் நாற்காலிகளுக்கு மேல் பெட்ஷீட் போர்த்தி வீடு கட்டச் சொல்வார். அவர் நெளிவார். மனைவி சிரிப்பார். கொஞ்ச நேரத்தில் டைரக்டர் பெட்ஷீட்டுக்குள் போய் வெளியே வர மறுப்பார்.

"மனுசன் அஞ்சு வயசுலயே ஒரு வீட்டக் கட்டி முடிச்சர்றான். அப்புறம் லோன் போட்டு வாங்குறதெல்லாம் அந்த வீட்டத் தேடித்தான்" என்பார். இதைச் சொல்லிவிட்டு முறுக்குத் தட்டை முழுவதுமாகத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார்.

வெஸ்ட் வின்ட்சரில் ஒரு டாக்டர் இருக்கிறார். கடுகடுவென்று இருப்பார், தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவுக்குக்கூட டை கட்டிக்கொண்டு வருவார். மேடம் அவரைப் பேச வைத்ததில், சின்ன வயதில் மாடிப்படிக்குக் கீழே தங்கைகளை வரிசையாக உட்கார வைத்து பஸ் கண்டக்டராக விளையாடியவர் என்று தெரியவந்தது. சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் மேடம் அவருக்கு ஒரு குறுகலான வழி வைத்தார். ஒரு பக்கம் இடுப்புயரத்தில் ஒரு மரத்திட்டு, சாய்ந்து நிற்கத் தோதாக. விசாலமாக ஹால் கட்டிக்கொடு என்று கேட்டவருக்கு இதைக் கொடுத்ததில் பெரிய சண்டை. இன்றைக்கும் நீங்கள் அந்த வீட்டுக்குப் போனால் டாக்டர் அங்கேதான் ஒரு தோளைச் சாய்த்து நின்றுகொண்டு காபி குடிப்பார். போகிற வருகிற எல்லோரும் அவரை உரசிக்கொண்டுதான் போகவேண்டும். அவர் முகம் அப்போது மட்டும் கடுகடுப்பாக இருக்காது.

எல்லாமே இப்படிப் பலித்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பிளெயின்ஸ்பரோவில் ஒரு வீட்டில், அண்ணன் தம்பி இருவரின் அறைகளுக்கும் நடுவிலிருந்த சுவரில் ஓர் ஓட்டை வைத்தார். அவர்களின் அப்பா சிறுவயதில் பக்கத்துவீட்டுப் பையனோடு சுவர் ஓட்டை வழியாகப் பேசி வளர்ந்தவராம். இந்தப் பையன்கள் அந்த ஓட்டை வழியாக ஒருவர் கண்ணில் ஒருவர் லெகோ கட்டைகளை விட்டெறிந்தார்கள். மாதம் முடிவதற்குள் அதை அடைத்துவிட்டார்கள். "சண்டையும் ஆட்டந்தானே" என்று மேடம் அந்த வீட்டோடு கோபித்துக்கொண்டார். தன் தப்பை ஒப்புக்கொள்வது அவருக்கு வராது. சொன்ன நேரத்துக்கு வருவதும் வராது. கான்ட்ராக்டர்களை வாய்க்கு வந்தபடி திட்டுவார், ஆங்கிலத்தில் ஆரம்பித்துத் திண்டுக்கல்லில் முடிப்பார்.

ஆனால் கையைப் பார்ப்பதில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. வாய் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வார், கண் மட்டும் கையிலேயே இருக்கும். அவர் அம்மா பால்வாடி டீச்சர். அந்த ஒற்றை அறையில், டீச்சர் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து, ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் விளையாடுவதைப் பார்த்தே வளர்ந்ததாக என் மனைவியிடம் ஒருமுறை சொன்னார். எந்தப் பிள்ளைக்கு எது தெரியும், எது தெரியாமல் தெரிந்த மாதிரி நிற்கிறது என்று கண்டுபிடிப்பது அவருக்கு அந்த வயதிலிருந்தே பழக்கம். நான் சிக்கிக்கொண்டது இந்தப் பழக்கத்தில்தான்.

எங்கள் வீட்டுக்கு வேண்டியது ஓர் அறை. கராஜை ஒட்டிப் பின்பக்கம், என் மகள் இனியாவுக்கு ஒரு ஸ்டடி ரூம். அவளுக்கு அப்போது பதினொரு வயது. நான் பிளானை ஏற்கெனவே வரைந்து வைத்திருந்தேன், எக்செல்லில். சிரிக்காதீர்கள். எங்கள் வட்டத்தில் கல்யாணப் பந்தியிலிருந்து டிவோர்ஸ் வரைக்கும் எக்செல்லில்தான் போடுவோம். கட்டங்களைச் சதுரமாக்கி, ஓரக்கோட்டைத் தடிமனாக்கிச் சுவர் ஆக்கி, நாலு கட்டத்தை ஒன்றாக இணைத்து மேஜை ஆக்கி, கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு பத்தியும் வைத்திருந்தேன். மேஜை சுவரைப் பார்த்து இருக்கும். ஜன்னல் ஒன்று உண்டு, ஆறடி உயரத்துக்கு மேல். அதற்கு நேரே குறிப்பில் 'கவனம் சிதறாமலிருக்க' என்று போட்டிருந்தேன்.

மேடம் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். என்னைப் பாராட்டப்போகிறார் என்று நினைத்தேன். அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "சரி, ஆட்டத்துக்கு வாங்க" என்றார்.

என் மனைவிக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவள் சென்னையில் ஒற்றைப் படுக்கையறை ஃபிளாட்டில் வளர்ந்தவள். பீரோக் கதவைத் திறந்து வைத்து, அதற்கும் சுவருக்கும் நடுவில் நின்றுகொண்டு, கண்ணுக்குத் தெரியாத மாணவர்களைத் திட்ட ஆரம்பித்தாள். இனியா சோபா மெத்தைகளையெல்லாம் இழுத்துப்போட்டு ஏதோ குகை கட்டினாள். எனக்கு அந்த நேரம் பார்த்து ஒரு ஃபோன் வந்தது. உண்மையைச் சொன்னால், வரவில்லை. காதில் வைத்துக்கொண்டேன்.

"சார் என்ன ஆடுவீங்க?" என்று கேட்டார் மேடம்.

நான் வாயைத் திறப்பதற்குள் இனியா குகையிலிருந்து தலையை நீட்டினாள். "அப்பாவா? ஓ மை காட், ஆன்ட்டி. ஹீ ஹாட் எ மாமரம். மேல பலகை போட்டு, லைக், எ ட்ரீ ஹவுஸ். அதுலேர்ந்து கிணத்துல ஜம்ப் பண்ணுவாங்க. அண்ட் ஹீ வாஸ் த பம்பரம் சாம்பியன். ஹோல் ஸ்ட்ரீட்லயும்."

அவ்வளவு தமிழ் அவள் ஒரே மூச்சில் பேசி நான் கேட்டதில்லை. முகமெல்லாம் பெருமை.

"எந்தக் கிளை சார்? எம்புட்டு உசரம்?" என்றார் மேடம்.

"பத்தடி இருக்கும்" என்றேன். எஞ்சினியர் புத்தி, பொய்க்கும் அளவு சொல்லிவிட்டது.

அந்த மாமரம் சேலத்தில் இருந்த என் பெரியப்பா மகனுடையது. கிணறும் அவனுடையது, பம்பரமும் அவனுடையது. என்னை ஆறு வயதில் ராசிபுரம் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். டைம்டேபிளில் பி.டி. பீரியட் என்று இருக்கும், அதில் கணக்கு வாத்தியார் வருவார். பிளஸ் டூவில் மாவட்டத்திலேயே இரண்டாவது வந்தேன். லீவில் வீட்டுக்குப் போகும்போது பெரியப்பா மகன் தன் வீரதீரங்களைச் சொல்வான், நான் கேட்டுக்கொள்வேன். அவ்வளவுதான் என் விளையாட்டு.

அந்தக் கதைகளை என்னுடையதாக்கிக்கொண்டது அமெரிக்கா வந்த பிறகுதான். இங்கே எல்லா அப்பாக்களும் ஆரம்பிக்கிற ஒரு வாக்கியம் இருக்கிறது, 'நாங்கள்லாம் அந்தக் காலத்துல' என்று. இனியா ஐபேடும் கையுமாகக் கிடக்கும்போதெல்லாம் நானும் அதை எடுத்து விடுவேன். வெயில்ல மரம் ஏறுவோம், நீ சோம்பேறி. கிணத்துல குதிச்சுத்தான் நீச்சல் கத்துக்கிட்டேன், நீ ஸ்விம்மிங் கிளாஸுக்குப் போக அழற. படிக்கத் தெரியாது என்று சொல்லக் கூசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விளையாடத் தெரியாது என்று சொல்ல எனக்கு அதைவிடக் கூசியது. நான் படித்த படிப்பை இந்த ஊரில் யாரும் பெரிதாக நினைப்பதில்லை, அடுத்த வீட்டுக்காரனும் அதைத்தான் படித்திருக்கிறான். என் மகளிடம் எனக்கென்று இருந்த மரியாதை அந்த மாமரம் ஒன்றுதான்.

அடுத்த முறை வந்தபோது மேடம் ட்ரங்க்கிலிருந்து பம்பரத்தை எடுத்தார். "கராஜுக்குப் பின்னாடி ஒரு சின்ன சிமென்ட் தரை விடலாம்னு பாக்குறேன். கை வீச்சுக்கு எம்புட்டு இடம் வேணும்னு தெரியணும். ஒரு குத்து குத்துங்க சார்" என்று டிரைவ்வேயில் வைத்துக் கையில் கொடுத்தார். இனியா ஃபோனை நீட்டி வீடியோ எடுக்கத் தயாரானாள், தமிழ் ஸ்கூல் தோழிகளுக்கு அனுப்ப.

சாட்டையை ஆணிப் பக்கமிருந்து சுற்றிக்கொண்டு வரவேண்டும் என்று இப்போது தெரியும். நான் தலைப்பக்கமிருந்து ஆரம்பித்தேன். கயிறு நழுவியது. மறுபடி சுற்றினேன். காது சுட ஆரம்பித்தது. மேடம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வீசினேன். பம்பரம் சொத்தென்று விழுந்து, உருண்டு, காருக்கு அடியில் போய்விட்டது. சாட்டை மட்டும் என் விரலில் தொங்கியது.

"அப்பா? யூ செட் நீங்கதான் சாம்பியன்னு" என்றாள் இனியா.

"எங்க ஊரு பம்பரம் பாப்பா, ஆணி கோணலு. சேலத்துப் பம்பரமே வேற. அப்பாவுக்கு இது பழக்கமில்ல" என்றார் மேடம், உடனே.

இனியா நம்பிவிட்டாள். ஃபோனை அணைத்துவிட்டு உள்ளே போனாள். யார் பொய்யையும் பொறுக்காத மனுஷி எனக்காக ஒரு பொய் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அந்த வெயிலில் அப்படியே ஆவியாகிப் போய்விடலாம் போலிருந்தது. குனிந்து பம்பரத்தைத் தேடுகிற சாக்கில் முகத்தைக் காருக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"எந்திரிங்க சார். எனக்கு மொத நாளே தெரியும்" என்றார். பையிலிருந்து என் எக்செல் தாளை எடுத்தார். "இந்த ஜன்னல் எதுக்கு இம்புட்டு உசரத்துல?"

"கவனம் சிதறக் கூடாதுன்னு..."

"நீங்க எங்க படிச்சீங்க?"

சொன்னேன்.

"அங்க ஸ்டடி ஹால்ல ஜன்னல் எங்கிட்டு இருக்கும்?"

தலைக்கு மேலே இருக்கும். வெளியே யாராவது ஓடுகிற சத்தம் கேட்கும், ஆள் தெரியாது. மேஜை சுவரைப் பார்த்து இருக்கும், சுவரில் முன்னால் படித்த யாரோ நகத்தால் கீறிய கோடுகள் இருக்கும். அதை நான் அளவு பிசகாமல் வரைந்து, என் மகளுக்கு ஆசை ஆசையாகக் கட்டித்தரப் பார்த்திருக்கிறேன். வரைந்தபோது எனக்கு அது தெரியவில்லை. நல்ல அறை என்றுதான் நினைத்தேன். அறை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று என் கைக்குத் தெரிந்திருந்தது. பம்பரம் விழுந்ததைவிட இதுதான் எனக்குப் பெரிய அவமானம்.

"மாமரம் யாருது?"

"பெரியப்பா பையனோடது."

அவர் தாளை மடித்தார். "பாப்பா என்ட்ட மரத்த கேக்குது சார். அப்பா இருந்த மாதிரி மேல ஏறி இருக்கணுமாம். அதுக்கு ஏணி, பலகை எல்லாம் யோசிச்சு வச்சிட்டேன். ஆனா ஒங்க மரம்னு நெனச்சுக்கிட்டு அது ஏறக் கூடாது. நீங்களே அதுகிட்ட சொல்லிருங்க. அதுவரைக்கும் நான் கோடு போட மாட்டேன்."

சொல்லலாம்தான். காலையில் சீரியல் கிண்ணத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள், வாயெடுப்பேன், "பஸ் வந்துடும், சீக்கிரம்" என்பேன். பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறும்போது, சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று தீர்மானிப்பேன். சாயங்காலம் அந்தத் தீர்மானத்தை மறந்த வேறொரு அப்பாவாக வீட்டுக்குள் நுழைவேன். "டிராயிங் என்னாச்சு?" என்று மனைவி கேட்டாள். "டவுன்ஷிப்ல லேட் பண்றாங்க" என்றேன். "டிராயிங்கே வரலையே, டவுன்ஷிப் எங்கேர்ந்து வந்தது?" என்றாள்.

மேடம் இல்லாமலே முடித்துவிடலாம் என்றுகூடப் பார்த்தேன். இங்கே சொந்த வீட்டுக்குச் சொந்தக்காரனே படம் போட்டுக் கொடுக்கலாம். எக்செல் தாளை இன்னொரு பிரிண்ட் எடுத்துக்கொண்டு, கட்டட அனுமதி தரும் டவுன்ஷிப் அலுவலகத்துக்குப் போனேன். கவுன்ட்டரில் இருந்த அம்மாள் மரியாதையாக வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "இது ஏதாவது டைம்டேபிளா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மேடம் இப்போது டெக்சஸில், ரவுண்ட் ராக்கில் மகன் வீட்டோடு இருக்கிறார். அங்கேயும் யார் வீட்டுத் தரையிலாவது படுத்திருப்பார். அவர் வரைந்த அறை எங்கள் வீட்டில் இருக்கிறது. ஜன்னல் முழங்கால் உயரத்தில் ஆரம்பிக்கிறது. தரையில் உட்கார்ந்தால் பின்பக்கத்துப் புல்லும், சில நாள் அங்கே வந்து நிற்கும் மான்களும் தெரியும். வீட்டுக்கு வருகிறவர்கள், "எவ்ளோ நல்லாருக்கு, யாரோட ஐடியா?" என்று கேட்பார்கள். நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

அந்த அறைக்குக் கோடு விழுந்த நாளைச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை. காஸ்ட்கோவிலிருந்து பால் கேன்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருகிறேன். ஹாலில் மேடமும் இனியாவும் தரையில் எதிரெதிராகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வருகிறேன் என்று அவர் சொல்லவே இல்லை. எங்கள் பூச்செடி ஓரத்திலிருந்து கற்களைப் பொறுக்கி வந்து அஞ்சாங்கல் ஆடிக்கொண்டிருந்தார்கள். கல் மேலே போகும், கை தரையைத் துழாவும், கீழே வரும் கல்லைப் பிடிக்கும். இனியாவுக்கு அதற்குள் பிடிபட்டிருந்தது.

"வாங்க சார், உக்காருங்க" என்றார் மேடம், என்னைப் பார்க்காமல்.

"அப்பா, கம்! யூ மஸ்ட் பி ஸோ குட் அட் திஸ்" என்றாள் இனியா, நகர்ந்து இடம் விட்டாள்.

முழங்கால் வலி என்று சொல்ல வாய் தயாராகவே இருந்தது. பாலை ஃபிரிட்ஜில் வைக்கணும் என்றும் சொல்லலாம். மேடம் கல்லை மேலே போட்டார். நான் கேன்களைக் கீழே வைத்துவிட்டு அவள் விட்ட இடத்தில் உட்கார்ந்தேன்.

"எனக்கு ஆடத் தெரியாதும்மா" என்றேன்.

"இது ஈஸிதான். பம்பரம் மாதிரி இல்ல."

"பம்பரமும் தெரியாது. எதுவுமே தெரியாது."

அவள் கை நின்றது. "மாமரம்?"

"அது பெரியப்பா பையனோடது. நான் ஏறினதே இல்ல. நான் ஹாஸ்டல்ல இருந்தேன், படிச்சுக்கிட்டு."

"கிணறு?"

"எனக்கு நீச்சலே தெரியாது."

அவள் அழுவாள் என்று நினைத்தேன், அல்லது சிரிப்பாள் என்று. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ பேரிடம் எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறேன், அப்படி ஒரு பார்வைக்கு முன்னால் உட்கார்ந்ததில்லை.

"தென் ஒய் டிட் யூ கால் மீ சோம்பேறி?" என்று கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். சோம்பேறி என்ற வார்த்தையை மட்டும் நான் சொல்கிற அதே மாதிரி சொன்னாள்.

இந்த முறையும் மேடம் குறுக்கே வந்து எதையாவது சொல்லிக் காப்பாற்றுவார் என்று அவர் பக்கம் பார்த்தேன். அவர் கற்களைத் தரையில் பரப்பிக்கொண்டிருந்தார்.

இனியா அவர் பக்கம் திரும்பினாள். "ஆன்ட்டி, உங்க டர்ன்" என்றாள்.

ஆட்டம் தொடர்ந்தது. நான் எழுந்து போகவில்லை. பால் கேன்கள் வாசலில் வியர்த்துக்கொண்டிருந்தன, கால் மரத்துப்போனது. இருட்டும்வரை அவர்கள் ஆடினார்கள். அன்று யாரும் என் கையில் கல்லைத் தரவில்லை.